மன்னாரில் முதுமை: வீட்டுப் பூனையும் வீதிக் கழுதையும்

மன்னார்ப் பாலத்தைக் கடந்து நகருக்குள் வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது கழுதைதான். பஸ் நிலையத்தடியில், சந்தைச் சுவரோரம், கோட்டைப் பக்கத்து வெட்டவெளியில் கூட்டமாக நிற்கும். பூனையை எவரும் கவனிப்பதில்லை. பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் எருக்கலம்பிட்டியிலும் மீன் வருகிற எந்த வீட்டுக் குசினி வாசலிலும் ஒன்று கிடக்கும். இரண்டுமே இந்தத் தீவுக்குக் கடல்வழி வந்தவை. கழுதையை அரபு வணிகர் கொண்டுவந்தார்கள் என்பது ஊர் வழக்கு. பள்ளிமுனைப் பெருக்கமரத்துக்கும் அதே கதையைத்தான் சொல்வார்கள். பூனை உலகம் முழுக்கப் பரவியதே கப்பலில் எலி பிடித்துக்கொண்டுதான்.

இவை இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்கொரு காரணம் உண்டு. கிழடாகும்போது இரண்டின் உடலும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்த வழியில் தளர்கிறது. ஆனால் அந்தத் தளர்ச்சியை நாங்கள் எதிர்கொள்கிற விதம் முற்றிலும் வேறு. ஒன்றின் அனுபவத்திலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துக்கொள்ளக்கூடியது நிறைய இருக்கிறது. குறிப்பாகக் கிழட்டுப் பூனை வைத்திருப்பவர்களுக்கு.

ஒற்றுமை மூதாதையரிலேயே தொடங்குகிறது. வீட்டுக் கழுதை கிழக்கு ஆபிரிக்காவின் காட்டுக் கழுதையிலிருந்து ஏறக்குறைய 7000 ஆண்டுகளுக்கு முன் பழக்கி எடுக்கப்பட்டது என்று 2022 இல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. பூனையின் முன்னோர் வட ஆபிரிக்கா, மேற்காசியா ஆகிய வறண்ட நிலங்களின் காட்டுப் பூனை. சைப்பிரஸ் தீவில் மனிதனுக்கு அருகே புதைக்கப்பட்டிருந்த பூனையின் எலும்புக்கு 9500 வயது. இரண்டும் தண்ணீர் அரிதான நிலத்துப் பிராணிகள். எலியின் உடலில் பத்தில் ஏழு பங்கு தண்ணீர். காட்டுப் பூனை தன் தாகத்தை இரையிலேயே தீர்த்துக்கொண்டது. அதன் சிறுநீரகம் நீரைத் திரும்ப உறிஞ்சிச் சிறுநீரைக் கெட்டியாக்கி வெளியேற்றும். கழுதையோ உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரை இழந்த பின்னும் நடக்கும், மேயும். தண்ணீர் கண்டதும் சில நிமிடங்களில் குடித்து இழப்பை ஈடுசெய்யும்.

இளமையில் வரமாக இருக்கும் இந்தத் தாங்கும் வலு, முதுமையில் இரண்டுக்கும் கேடாகிறது. தாகத்தைத் தாங்கப் பழகிய உடல் தாகத்தைக் காட்டாது. ஐப்பசி, கார்த்திகை மழை போனால் மன்னாரில் நீண்ட வறட்சி. பல கிணறுகள் உவராகிவிடும். கழுதை தண்ணீர் விடயத்தில் கடும் தெரிவு உடையது. அழுக்கான, நாற்றமுள்ள நீரைத் தொடாமல் தாகத்தோடு நிற்கும். பூனையும் அப்படியே. சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் நேற்று வைத்த நீரை முகர்ந்துவிட்டுப் போய்விடும். உவர் நீரைக் குடித்துப் பழகியவர்கள் நாங்கள், ஆதலால் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை. கிழட்டுப் பூனைக்கு இது உயிர்ப் பிரச்சினை.

ஏனென்றால் முதிய பூனைகளை அதிகமாகக் கொண்டுபோவது சிறுநீரக நோய்தான். சிறுநீரகத்தின் வேலைத்திறன் மூன்றில் இரண்டு பங்கு போன பின்னரே வெளியே ஏதாவது தெரியும். அப்படித் தெரிகிற முதல் அடையாளமும் ஏமாற்றுகிற ஒன்று: பூனை நிறையத் தண்ணீர் குடிக்கத் தொடங்கும். "கிழடென்றாலும் நல்லாத் தண்ணி குடிக்குது" என்று வீட்டார் ஆறுதல் அடைவார்கள். உண்மையில், நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றல் போனதால் உடலிலிருந்து நீர் ஓடுகிறது; ஓடுகிற நீரைத் துரத்திப் பிடிக்கவே அது குடிக்கிறது. மண் போட்டு வைத்த தட்டில் முன்னர் எலுமிச்சம்பழ அளவில் கட்டிய ஈரம் இப்போது இரு மடங்காகக் கட்டும். வாந்தி, மெலிவு, உதிர்ந்து சடைத்த மயிர், வாயில் ஒரு புளித்த நாற்றம் எல்லாம் பிறகு வருபவை.

வலியை மறைப்பதிலும் இரண்டும் ஒன்றே. குதிரை வயிற்று வலியில் புரண்டு துடிக்கும். கழுதை அதே வலியில் தலையைத் தொங்கப்போட்டு அசையாமல் நிற்கும். "சோம்பேறிக் கழுதை" என்று கல்லெறிகிறவனுக்கு அது செத்துக்கொண்டிருப்பது தெரியாது. பூனை நொண்டாது, கத்தாது. வழக்கமாக ஏறுகிற மதிலில் ஏறுவதை நிறுத்தும். கதிரையில் பாய முன் ஒரு கணம் தயங்கும். முதுகின் பின்பாதியை நக்கிச் சுத்தம் செய்வதைக் கைவிடும். 2002 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தது. 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு இருந்தது. நொண்டுகிற பூனையை எத்தனை பேர் பார்த்திருப்போம்? மூட்டு நோகிற பூனைக்கு உயரமான விளிம்புள்ள தட்டில் ஏறி மலம் கழிப்பது சித்திரவதை. அது மூலையில் போய்விட்டால் அடிக்கிறோம். ஒரு பக்கம் தாழ வெட்டிய பிளாஸ்ரிக் தட்டில் கடல் மணலை நன்னீரில் கழுவிக் காயவைத்துப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

இனி, இந்த ஒப்பீட்டில் நான் மிக முக்கியமாகக் கருதுகிற இடம். இரண்டு பிராணிகளும் சாப்பிடாமல் இருக்கக் கூடாதவை. மனிதர் விரதம் இருக்கலாம், நாய் இரண்டு நாள் பட்டினி கிடந்து எழும்பும். பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாமல் விட்டால், அதுவும் கொழுத்த பூனையாக இருந்தால், உடல் தன் கொழுப்பை அவசரமாகக் கரைத்து ஈரலுக்கு அனுப்பும். பூனையின் ஈரல் அந்தச் சுமையைக் கையாளாது. கொழுப்பு அங்கேயே அடைந்து ஈரல் வேலையை நிறுத்தும், காது மடலும் முரசும் மஞ்சளாகும், குமட்டல் கூடும். குமட்டுவதால் இன்னும் உண்ணாது. கழுதையில் இதே விபத்து இரத்தத்தில் நடக்கிறது. உண்ணாத கழுதையின் கொழுப்பு இரத்தத்தில் கலந்து, எடுத்த இரத்தத்தை வைத்துத் தெளியவிட்டால் மேலே பால்போலக் கலங்கி நிற்கும். ஈரலும் சிறுநீரகமும் அடுத்தடுத்துப் போகும். அந்த நிலைக்கு வந்த கழுதைகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

இரண்டிலும் தொடக்கம் சிறிய காரணமாகவே இருக்கும். பல் வலி, இடமாற்றம், துணை இழப்பு. கழுதைகள் சோடியாக ஒட்டிக்கொள்பவை. துணை செத்தால் மற்றது உண்ணாமல் நின்று தானும் போகும். அதனால்தான் கழுதை வளர்ப்பில் அனுபவப்பட்டவர்கள், இறந்த கழுதையின் உடலை உடனே இழுத்துச் செல்லாமல் மற்றதை அருகில் நின்று பார்க்க விடுகிறார்கள். பூனையைத் தனிக்காட்டு ராசா என்று நாங்கள் நினைத்திருக்க, கூட வளர்ந்த பூனையோ, மடியில் வைத்திருந்த அம்மம்மாவோ போன பின் கோப்பையைத் திரும்பிப் பாராத பூனைகள் எத்தனை! இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே: எப்படியாவது உள்ளே உணவு போக வேண்டும். பூனைக்குக் குமட்டலை நிறுத்தும் ஊசி, பசியைத் தூண்டும் மாத்திரை, முடியாதபோது குழாய் வழி உணவு. குழாய் போட்டுச் சில வாரம் பொறுமையாக ஊட்டினால் மஞ்சள் பாரித்த பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவை மீள்கின்றன.

ஒற்றுமை இத்தோடு நின்று, பூனையின் வழி தனியாகப் பிரிகிற இடம் ஒன்று உண்டு. கிழட்டுப் பூனைக்கு வருத்தம் ஒவ்வொன்றாக வருவதில்லை. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்குக் கெடுதலாக இருக்கும். இதை விளங்கிக்கொள்ளாமல் வைத்தியரைக் குறை சொல்கிறவர்கள் பலர், ஆகையால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

தைரொயிட்டுச் சுரப்பி மிகையாக வேலை செய்வது முதிய பூனைகளின் இன்னொரு பெரும் நோய். 1979 இல் நியூயோர்க்கில்தான் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. பூனை அள்ளி அள்ளி உண்ணும், ஆனால் எலும்பு தெரிய மெலியும், இரவில் கத்தும், நெஞ்சு படபடக்கும். மனிதருக்குக் கொடுக்கிற கார்பிமசோல் வகை மாத்திரையைச் சிறு அளவில் கொடுத்துக் கட்டுப்படுத்தலாம். ஆனால் அந்தச் சுரப்பி மிகையாக ஓடும்போது இருதயம் வேகமாக இரத்தத்தைத் தள்ளுகிறது. சிறுநீரகத்துக்குள் இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. பழுதான சிறுநீரகம்கூட நல்லது போலப் பரிசோதனையில் தெரிகிறது. மாத்திரை தொடங்கிச் சுரப்பி அடங்கியதும் பாய்ச்சல் குறையும். ஒளிந்திருந்த சிறுநீரக நோய் வெளியே வரும். வீட்டார் "மருந்து குடுத்துத்தான் கிட்னி போச்சு" என்பார்கள். மருந்து திரையை விலக்கியது, அவ்வளவுதான். ஆகவே குறைந்த அளவில் தொடங்கி, சில வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்த்து, இரண்டு நோய்க்கும் நடுவே ஓர் அளவைத் தேட வேண்டியிருக்கிறது.

மூட்டு நோவும் இப்படித்தான். நோவைக் குறைக்கிற மருந்துகள் பல சிறுநீரகத்தைச் சுடும். வாய்ப்புண்ணுக்குக் கொடுக்கிற ஸ்டெரொயிட் சீனி வருத்தத்தைக் கிளப்பும். சிறுநீரக நோயோடு பிரஷர் ஏறும். ஒரு காலை பூனை திடீரெனச் சுவரில் முட்டும், கண்மணி விரிந்தபடியே நிற்கும். விழித்திரை கழன்றுவிட்டது. பிரஷரை முன்பே அளந்திருந்தால், எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற 5 மில்லிகிராம் அம்லோடிபினில் கால்வாசியோ எட்டில் ஒன்றோ, வைத்தியர் சொல்கிறபடி, அந்தக் கண்ணைக் காத்திருக்கும்.

மருந்தை உடல் கையாளும் விதத்தில் பூனையும் கழுதையும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. வீதியில் அடிபட்ட கழுதைக்குக் குதிரையின் அளவில் வலி மருந்து கொடுத்தால் போதாமல் போகலாம்; அதன் ஈரல் சில மருந்துகளைக் குதிரையைவிட வேகமாகக் கழித்துவிடும். பூனையின் ஈரலோ மிக மெதுவானது. ஒரு வேளை ஆஸ்பிரின் பூனையின் உடலில் பாதியாகக் குறையவே ஒன்றரை நாள் போல் எடுக்கும். பனடோல் விடயத்தில் மெதுவென்ற சொல்லே போதாது. பூனையின் ஈரல் அதை நச்சாகாமல் மாற்றும் வேதியியல் வழியைக் கொண்டிருக்கவில்லை. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையைக் கொல்லும். முரசு கபில நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு இழுக்கும். எங்கள் நாட்டில் பனடோல் இல்லாத வீடில்லை. பாசத்தில் அரைக் குளிசை கரைத்துப் பருக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால், பூனைக்குப் பனடோல் வேண்டாம் என்பதை வையுங்கள்.

உணவிலும் மன்னாருக்கென்று ஒரு பக்கம் உண்டு. கழுதைக்கு உரியது நார் மிகுந்த, சத்துக் குறைந்த காய்ந்த புல். நகரில் அதற்குக் கிடைப்பதோ பாண் துண்டு, அழுகிய பழம், சொப்பிங் பையோடு சேர்ந்த சோறு. சீனிச் சத்து குளம்புக்குள் அழற்சியை உண்டாக்கும். பை குடலை அடைக்கும். கரட்டு நிலத்தில் நடந்து தேய வேண்டிய குளம்பு மணல் வீதியில் தேயாமல் வளைந்து வளர்ந்து நடையையே கெடுக்கும். பல்லும் அப்படித்தான், தேய்வு பிசகினால் விளிம்பு கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும்.

பூனைக்கு மீன் கிடைக்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். மீன் மட்டுமே கிடைப்பது நல்லதல்ல. சாளை, சூடை இனத்துப் பச்சை மீனில் விற்றமின் பி1 ஐ அழிக்கும் நொதி இருக்கிறது; தொடர்ந்து பச்சையாகவே தின்கிற பூனை ஒருநாள் கழுத்தைத் தூக்க முடியாமல் தலை கவிழும். அவித்தால் அந்த நொதி போய்விடும். கருவாட்டு உப்பு பிரஷரும் சிறுநீரக நோயும் உள்ள பூனைக்கு ஆகாது. குழம்புச் சோற்றில் வெங்காயமும் உள்ளியும் இருக்கின்றன. அவை பூனையின் செங்குருதிக் கலங்களை உடைப்பவை. தலையிலும் முள்ளிலும் பொசுபரசு அதிகம். சிறுநீரகம் போன பூனைக்கு அது விலக்கு. குழம்பு கூட்ட முன்னர் சதைத் துண்டொன்றை எடுத்து உப்பில்லாமல் அவித்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்து வைப்பதே எங்கள் வீட்டு வழக்கம். அவித்த நீரின் வாசத்துக்காகவே குடிக்காத பூனை குடிக்கிறது. சிறுநீரக நோய்க்கென்று விற்கிற உணவு இதைவிட நல்லதுதான். ஆனால் பூனை அதைத் தொடாமல் பட்டினி கிடந்தால் மேலே சொன்ன ஈரல் விபத்து முந்திக்கொள்ளும். பிழையான உணவு உண்கிற பூனை, சரியான உணவை உண்ணாத பூனையைவிடப் பாதுகாப்பாக இருக்கிறது.

எடை பார்ப்பதற்கு எங்களிடம் நல்ல கருவி ஒன்று சும்மா தொங்குகிறது: மீன் தராசு. பூனையைத் துணிப்பையில் இறக்கிக் கொக்கியில் மாட்டி மாதம் ஒருமுறை எழுதிவைத்தால் போதும். 4 கிலோப் பூனை 400 கிராம் குறைந்தால் அது பத்தில் ஒன்று. ஒரு மனிதருக்கு ஆறேழு கிலோ குறைந்ததற்குச் சமம். கண்ணுக்குத் தெரியாதது தராசுக்குத் தெரியும்.

இப்போது பராமரிப்பு என்கிற கேள்வி. கழுதைகள் ஒரு காலத்தில் பொதி சுமந்து பிழைப்புத் தந்தவை. லொறியும் முச்சக்கர வண்டியும் வந்த பின் வேலை போனது, உடையவனும் போனான். போர் வந்து 1990 இல் தீவின் வீடுகள் பல வெறிச்சோடியபோது, வளர்ப்புப் பிராணிகளைப் பற்றி எண்ண யாருக்கும் இயலவில்லை. போருக்குப் பின், ஆஸ்திரேலியாவில் உருவான பிரிட்ஜிங் லங்கா அமைப்பு மன்னாரில் கழுதைகளுக்கென்றே சிகிச்சையும் கல்வியும் சேர்ந்த ஒரு நிலையத்தைத் தொடங்கியது. வாகனம் மோதிய கழுதைக்குக் கட்டுப்போடவும், தாயிழந்த குட்டிக்குப் பால் பருக்கவும், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக் கழுதையைத் தொடவைக்கவும் ஓர் இடம் வந்தது. மூதேவியின் வாகனம் என்று விரட்டப்பட்ட பிராணிக்கு இது சிறிய மாற்றமல்ல. குருத்தோலை ஞாயிறன்று யேசுவைச் சுமந்த பிராணி என்ற நினைவு கத்தோலிக்கர் நிறைந்த இந்தத் தீவில் அதற்குக் கைகொடுத்திருக்கலாம்.

பூனையின் நிலைமை மறுதலை. அதற்கு வீடு இருக்கிறது, பெயர் இருக்கிறது, படுக்க ஒரு சாக்கு இருக்கிறது. நாள்பட்ட நோய்க்கான வைத்தியம்தான் எட்டத்தில் இருக்கிறது. அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகங்கள் மாடு, ஆடு, கோழியை மனதில் வைத்து அமைந்தவை. அங்குள்ள வைத்தியர்கள் தடுப்பூசியும் காய்ச்சலும் கன்று ஈனலும் என்று ஓடுகிறவர்கள். நாட்டின் ஒரேயொரு மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனையில். கொழும்பு ஏறக்குறைய 300 கிலோமீற்றர். சிறுநீரகம் பழுதான 16 வயதுப் பூனையைக் கூடையில் வைத்து அவ்வளவு தூரம் பஸ்ஸில் கொண்டுபோவதே ஒரு நோய்.

ஆனாலும் வீட்டில் செய்யக்கூடியது அதிகம். தோலுக்கடியில் சேலைன் ஏற்றுவதை வைத்தியர் ஒருமுறை காட்டித்தந்தால் வீட்டிலேயே செய்யலாம். தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கூடாரமாகத் தூக்கி, 100 முதல் 150 மில்லிலீற்றர். நான் அதைச் செய்துகொண்டிருந்தபோது, 2022 இல் மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில், பக்கத்து வளவு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டா: "பிள்ளை, மனுசருக்கே மருந்தில்லாத நேரத்தில பூனைக்குச் சேலைனோ?" கேள்வி நியாயமானது. ஆஸ்பத்திரிக்குரிய எதையும் நான் எடுக்கவில்லை. ஆனால் காசு என்னுடையதென்றாலும் பொருள் அரிதாக இருந்தது. "ஓம் ஆச்சி, வேற ஆர் குடுக்கப்போகினம்" என்றேன். அடுத்த கிழமை அவவே அவித்த மீன் தண்ணியோடு வந்தா.

முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்துவும் கத்தோலிக்கரும் முஸ்லிமும் கலந்து வாழும் இங்கே ஊசி போட்டு உயிரை எடுப்பதற்கு மனம் வராது. "தானாப் போகட்டும்" என்பார்கள். சிறுநீரகம் முழுதும் நின்ற பூனை தானாகப் போவதென்பது வாய் புண்ணாகி, இடைவிடாமல் குமட்டி, நாள்கணக்கில் போவது. கால் முறிந்து எழும்ப இயலாமல் வெயிலில் கிடக்கிற கழுதைக்கும் அதே நெடும் சாவு. உண்ணவும் நக்கவும் எழும்பவும் மாட்டாத நிலை தொடர்ந்து நின்று, வைத்தியரும் இனித் திரும்பாது என்றால், நோவில்லாமல் அனுப்புவதே கருணை என்பது என் முடிவான எண்ணம். கழுதையின் விடயத்தில் அந்த முடிவை எடுக்க உடையவன் என்று ஒருவன் இல்லை என்பதுதான் அதன் பெருந்துயரம்.

கழுதைகளுக்கு ஒரு நிலையம் இயலுமாக இருந்த தீவில், மாதத்தில் ஒருநாள் முதிய பூனை நாய்களுக்கென்று இரத்தமும் பிரஷரும் எடையும் பார்க்கிற சிகிச்சை முகாம் இயலாததல்ல. மாகாணக் கால்நடைத் திணைக்களமும் பிரதேச சபைகளும் இதை எடுத்துச் செய்ய வேண்டும். நகரின் கழுதைகளுக்கு நன்னீர்த் தொட்டிகளும் அவர்கள் பொறுப்பே. அதுவரை வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுக் கிழட்டுப் பூனை நேற்று முழுதும் உண்ணவில்லையென்றால், அல்லது வீதியில் ஒரு கழுதை கூட்டத்தை விட்டுத் தனியே தலை கவிழ்ந்து நின்றால், நாளை பார்ப்போம் என்று விடாதீர்கள். இன்றே மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள்.